கிருபையால்தான் இரட்சிப்பு என்றால் பரிசுத்தமாக வாழ்வது எதற்கு?

வாசகர் ஒருவரின் கேள்வியும், அதற்கும் மற்ற வாசகர்கள் எழுதியவற்றுக்கும் நான் எழுதிய பதில்களும்

கேள்வி, ஜூன் 3

கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிறது எபேசியர் 2:8. பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லை என்கிறது எபிரெயர் 12:14. இப்போது நான் போகும் சபையில் முதல் வசனம் மட்டும்தான் காதில் விழுகிறது. முன்பு போன சபையில் இரண்டாவது மட்டும்தான். இங்கே யாருக்கும் எதுவும் உறுத்துவதில்லை. அங்கே எல்லாரும் பயந்தே செத்தோம். எது சரி? "இரண்டும் வேண்டும், சமநிலை வேண்டும்" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

ஜூன் 3, இரவு

சமநிலை என்ற பதில் எனக்கும் பிடிக்காது. பாதி கிருபை, பாதி பரிசுத்தம் என்று கலந்து வைத்தால் மன்னிப்பிலும் நிச்சயம் இருக்காது, வாழ்க்கையிலும் உறுதி இருக்காது.

புதிய ஏற்பாட்டின் நிருபங்கள் பலவற்றை எழுதிய அப்போஸ்தலனாகிய பவுல் காலத்திலேயே வந்துவிட்ட கேள்விதான் இது. பாவம் பெருகின இடத்தில் கிருபை அதிகமாய்ப் பெருகிற்று என்று ரோமர் 5:20-ல் எழுதுகிறார். இதைக் கேட்பவன் அடுத்து என்ன கேட்பான் என்று அவருக்கே தெரிகிறது. ஆறாம் அதிகாரம் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது: "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்போமா?" பதில் சொல்லும்போது அவர் கிருபையைக் கொஞ்சம்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை. சொன்னதற்கு ஒரு நிபந்தனையைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவரவும் இல்லை. பாவத்துக்கு மரித்த நாம் இனி அதிலே எப்படிப் பிழைப்போம் என்று திருப்பிக் கேட்கிறார், அவ்வளவுதான்.

14-ஆம் வசனத்தை நிதானமாக வாசியுங்கள். பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது. ஏன்? நீங்கள் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால். நாம் இதைத் தலைகீழாகப் பேசிப் பழகிவிட்டோம். கிருபைக்குள் இருக்கிறாய், தைரியம் வந்து பாவம் செய்துவிடுவாய், ஜாக்கிரதை என்கிறோம். பவுலுக்கோ, பாவத்தின் பிடி தளர்வதற்குக் காரணமே கிருபைதான்.

ஜூன் 4

நேற்று விட்டுப்போனது: தீத்து 2:11, 12. இரட்சிப்பை அளிக்கிற அதே தேவகிருபைதான், அவபக்தியை வெறுத்துத் தெளிந்த புத்தியோடு வாழும்படி நமக்குப் போதிக்கிறது என்று அந்த இடம் சொல்கிறது. மன்னிப்பதற்குக் கிருபை, திருத்துவதற்கு வேறொன்று என்று அங்கே பிரிவினை இல்லை.

ஜூன் 4, மாலை

"பழைய ஏற்பாட்டில் நியாயப்பிரமாணம், புதிய ஏற்பாட்டில் கிருபை" என்று மேலே ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். யாத்திராகமம் எந்த வரிசையில் போகிறது என்று பாருங்கள். கடல் பிளந்தது 14-ஆம் அதிகாரத்தில். மன்னா விழுந்தது 16-ல். பத்துக் கற்பனைகள் வருவது 20-ல். அந்தக் கற்பனைகளும் கட்டளையோடு ஆரம்பிக்கவில்லை. அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே என்று ஆரம்பிக்கின்றன. பார்வோனின் செங்கற்சூளையில் வெந்துகொண்டிருந்தவர்களிடம் மோசே போய், "இந்தப் பத்தையும் கைக்கொள்ளுங்கள், ஆறு மாதம் பார்த்துவிட்டு விடுவிக்கிறேன் என்கிறார் கர்த்தர்" என்று சொல்லவே இல்லை. முதலில் வெளியே கொண்டுவந்தார். எப்படி வாழ வேண்டும் என்பதை அப்புறம்தான் சொன்னார்.

பவுலின் நிருபங்களிலும் இதே வரிசைதான். எபேசியரில் முதல் 3 அதிகாரமும் தேவன் செய்ததைச் சொல்லி முடித்துவிட்டு, நான்காவதில்தான் அழைப்புக்குப் பாத்திரவான்களாய் நடந்துகொள்ளுங்கள் என்கிறார். ரோமரில் 11 அதிகாரம் காத்திருக்கிறார். கேள்வி கேட்ட தம்பி, நீங்கள் காட்டிய எபேசியர் 2:8-ஐ 10 வரைக்கும் வாசித்துப் பாருங்கள். இது கிரியைகளினால் உண்டானதல்ல என்ற வரிக்கு அடுத்த வரியே, நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று வருகிறது. பெரும்பாலான பிரசங்கங்கள் 9-லேயே நின்றுவிடுகின்றன.

ஜூன் 6

கொரிந்து சபையை யாரும் பேச்சில் எடுக்கவில்லையே. ஒருவன் தகப்பனுடைய மனைவியை வைத்திருக்கிறான். சகோதரனும் சகோதரனும் நீதிமன்றத்தில் வழக்காடுகிறார்கள். கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறியாயிருக்கிறான். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு எழுதும் முதலாம் நிருபத்தின் இரண்டாம் வசனத்திலேயே கிறிஸ்துவுக்குள் பரிசுத்தமாக்கப்பட்டவர்கள் என்று பவுல் அழைக்கிறார். முகஸ்துதி அல்ல. ஐந்தாம் அதிகாரத்தில் அந்த மனிதனைச் சபையை விட்டு விலக்கச் சொல்லுகிற அளவுக்குக் கடுமையாகவும் பேசுகிறார். ஆறாம் அதிகாரத்தில் ஒரு நீண்ட பாவப் பட்டியலைச் சொல்லி, உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள், ஆயினும் கழுவப்பட்டீர்கள் என்கிறார். நீங்கள் யார் என்று முதலில் சொல்கிறார், அப்படியானால் இது உங்களுக்குத் தகாது என்று பிறகு சொல்கிறார். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் யாருமில்லை என்று ஒரு இடத்திலும் மிரட்டவில்லை.

பயந்தே செத்தோம் என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, அந்தச் சபையில் இந்த வரிசை தலைகீழாகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 7

ஹைப்பர் கிரேஸ் உபதேசத்தை ஆதரித்து வந்த நீண்ட பதிலை முழுவதும் வாசித்தேன். விசுவாசிக்குப் பாவ அறிக்கையே தேவையில்லை, எல்லாம் சிலுவையில் முடிந்தது, மனந்திரும்பு என்று பிரசங்கிப்பதே கிருபைக்கு விரோதம் என்பது அவர் வாதம்.

புதிதாகக் கண்டுபிடித்த வாதம் இல்லை. 16-ஆம் நூற்றாண்டின் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் சொந்த ஊரான, ஜெர்மனியின் ஐஸ்லேபனில் பிறந்தவர், அவருடைய மாணவர், நண்பர், யோகான் அக்ரிகோலா. விசுவாசிகளுக்குப் பிரமாணத்தைப் பிரசங்கிக்கக் கூடாது, சுவிசேஷம் மட்டும் போதும் என்றார். கிரியைகளால் நீதிமானாக முடியாது என்று உலகத்துக்கே உரக்கச் சொன்ன லூத்தர் இதை வரவேற்றிருப்பார் என்றுதானே தோன்றும்? 1537 முதல் தொடர்ச்சியாகப் பொது விவாதங்கள் நடத்தி இதை எதிர்த்தார். அந்த நட்பு முறிந்தது. 1540-ல் அக்ரிகோலா, லூத்தர் இருந்த விட்டன்பர்க்கை விட்டே போய்விட்டார். இதே லூத்தர்தான் 1517-ன் 95 கூற்றுகளில் முதலாவதாக, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்பதே கிறிஸ்துவின் சித்தம் என்று வைத்தவர். 1529-ல் குடும்பங்களுக்காக அவர் எழுதிய சிறு ஞானோபதேசம் பத்துக் கற்பனைகளில்தான் தொடங்குகிறது.

எனவே "லூத்தர் பக்கம் நிற்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு மனந்திரும்புதலை ஓரங்கட்ட முடியாது. யூதா 4-ஆம் வசனத்தையும் அந்தச் சகோதரர் ஒருமுறை பார்க்கட்டும். தேவனுடைய கிருபையைக் காமவிகாரத்துக்கு ஏதுவாகப் புரட்டுகிறவர்களைப் பற்றி அங்கே எழுதியிருக்கிறது. முதல் நூற்றாண்டிலேயே இருந்த ஆபத்து.

ஜூன் 7, இரவு

தூக்கம் வரவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு சூடு ஏறுவதற்குக் காரணம் இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

என் அப்பாவோடு கூட்டாகத் தொழில் செய்தவர் ஒருவர். கணக்கை மாற்றி எழுதி, அப்பாவின் பங்கை மெல்ல மெல்லத் தன் பெயருக்கு ஆக்கிக்கொண்டார். வெளியே தெரிந்தபோது கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மாவின் நகை போனது, அக்காவின் படிப்பு நின்றது. பல வருஷம் கழித்து அந்த மனிதர் இரட்சிக்கப்பட்டார் என்று கேள்விப்பட்டோம். ஒரு சுவிசேஷக் கூட்டத்தில் சாட்சி சொல்கிறார் என்றதும் அப்பா போகவேண்டும் என்றார். நானும் கூடப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

நன்றாகப் பேசினார். "நான் செய்யாத பாவமில்லை, ஏமாற்றாத ஆளில்லை, அத்தனையையும் ஆண்டவர் சமுத்திரத்தின் ஆழத்திலே போட்டுவிட்டார்" என்றார். கூட்டம் அல்லேலூயா என்றது. அப்பாவும் சொன்னார், எனக்குக் கேட்டது. கூட்டம் முடிந்து வரும்போது அவர் எங்களைப் பார்த்தார். அப்பாவைத் தெரிந்துகொண்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. "ஸ்தோத்திரம் பிரதர்" என்று கைகொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "ஆண்டவர் மன்னிச்சிட்டார்ங்கிறான். நல்லதுதான். எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அந்த ஆள் பொய் சாட்சி சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கண்ணீர் உண்மையான கண்ணீர். ஆனால் அவருக்குக் கிடைத்த மன்னிப்பு, அவர் ஒளிந்துகொள்ளும் இடமாகவும் ஆகிவிட்டது. தேவனுக்கு முன்னால் எல்லாம் சரியாகிவிட்டதால் என் அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போனது. அதைத்தான் நான் கிருபை என்று ஒத்துக்கொள்ள மறுக்கிறேன்.

ஜூன் 8

சகேயு. லூக்கா 19-ல் இயேசு தேடிப்போன, ஊரார் வெறுத்த ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்கிறான். தானாக முன்வந்து குற்றத்தை ஒத்துக்கொள்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்பதுதான் லேவியராகமம் 6:5. நாலு மடங்கு என்பது யாத்திராகமம் 22-ல் ஆட்டைத் திருடி அறுத்துவிட்ட அல்லது விற்றுவிட்ட திருடனுக்கு விதித்தது. பிரமாணம் தன்னிடம் கேட்பதைத் தாண்டி, பிடிபட்ட திருடனுக்குரிய கணக்கில் தன்னை நிறுத்துகிறான் சகேயு. அதற்கு மேல் ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு. இயேசு ஒரு வார்த்தையும் கேட்காமலே இத்தனையும் சொல்கிறான். கிருபை ஒருவன் கையில் எப்படி வேலை செய்யும் என்று காட்ட இதைவிட எனக்கு வேறு இடம் தெரியவில்லை.

ஜூன் 8, மதியம்

"உங்கள் அப்பா மன்னித்தாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். மன்னித்தார். அந்த ஆள் கேட்காமலே மன்னித்தார். அதற்கு அப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும். பாதிக்கப்பட்டவர் மன்னித்துவிட்டார் என்பதற்காக, செய்தவர் போய்க் கேட்கவேண்டிய கடமை தீர்ந்துவிடாது. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் இயேசு சொல்வது, எவன்மேல் குறை இருக்கிறதோ அவனிடத்தில்.

இதையும் சொல்லியாக வேண்டும். அடி வாங்கிய மனைவியிடம், பாலியல் துன்பத்துக்கு ஆளான பிள்ளையிடம், "அவர் மனந்திரும்பிவிட்டார், கிருபையாய் மன்னித்துவிடு, வெளியே சொல்லாதே" என்று அமுக்குகிற சபைகள் இருக்கின்றன. அது கிருபையின் பெயரால் நடக்கும் கொடுமை. மனந்திரும்பியவன் சட்டத்துக்கு முன்னால் போய் நிற்கத் தயாராக இருப்பான். ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் முதலில் காவல்துறைக்குப் போகவும் மருத்துவரைப் பார்க்கவும்தான் நான் சொல்வேன்.

ஜூன் 10

இதுவரை எழுதியதை ஒருதரம் வாசித்தேன். ஒரு பக்கத்தையே அதிகம் அடித்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. தம்பி முதலில் போன அந்தக் கண்டிப்பான சபையைப் பற்றி இன்னும் எழுத வேண்டும், ஏனென்றால் நான் வளர்ந்தது அப்படிப்பட்ட ஒன்றில்தான்.

அங்கே வாரந்தோறும் ஜெபக் கூட்டத்தில் எல்லாரும் முழங்காலில் நின்று "எங்கள் பெலவீனங்களை மன்னியும்" என்று ஜெபிப்போம். என்ன பெலவீனம் என்று ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. திறந்தால் பந்தியிலிருந்து நிறுத்துவார்கள், பாட்டுக் குழுவிலிருந்து எடுப்பார்கள், கல்யாணப் பேச்சு நின்றுபோகும். ஆகவே எல்லாரும் பரிசுத்தமாகத் தெரிந்தோம். உடை, பேச்சு, முகம் எல்லாம் சரியாக இருந்தது. அந்தக் கூட்டத்திலேயே எனக்குப் பக்கத்தில் முழங்கால் போட்ட ஒருவர் குடியில் மூழ்கிக்கொண்டிருந்தார். அவர் ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்ல இடமில்லையே தம்பி" என்றார்.

ஆரோக்கியமாக இருப்பவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தால் அங்கே வருகிற ஒவ்வொருவனும் வலியை மறைக்கத்தான் கற்றுக்கொள்வான். எங்கள் சபை அப்படித்தான் இருந்தது.

என் அப்பாவை ஏமாற்றியவர் கிருபைக்குப் பின்னால் ஒளிந்தார். நாங்கள் பரிசுத்தத்துக்குப் பின்னால் ஒளிந்தோம். இரண்டு இடத்திலும் நடந்தது ஒளிப்புதான். தம்பியின் இரண்டு சபைகளும் எதிரெதிர் என்று தோன்றினாலும் எனக்கு அவை ஒரே நோயாகத் தெரிவது இதனால்தான். ஏற்றுக்கொள்ளப்பட்டேன், இனி என்னைத் தள்ளமாட்டார் என்ற நிச்சயம் உள்ளவனால் மட்டுமே தன் பாவத்தை அதன் பெயரைச் சொல்லி வெளிச்சத்தில் வைக்க முடியும். வெளிச்சத்துக்கு வராத பாவம் மாறாது.

ஜூன் 10, இரவு

மேலே எழுதியதற்கு ஒரு சரித்திர சாட்சி இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் பரிசுத்தத்தின் பிரசங்கியார் என்று சொல்வார்கள். 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முகவுரையை யாரோ வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், தன் பாவங்களை, தன்னுடையவற்றையே, கிறிஸ்து எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் அவருக்கு வந்தது. அதற்கு முன்பும் அவர் சோம்பேறி அல்ல. உபவாசம், சிறைச் சந்திப்பு, கடல் கடந்து மிஷனெரி ஊழியம் எல்லாம் செய்து களைத்திருந்தார்.

அதே வருஷம் டிசம்பரில் அவர் வகுத்த சிறு குழுக்களின் விதிகளைப் பாருங்கள். வாரம் ஒருமுறை கூடி ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: போன கூட்டத்துக்குப் பிறகு அறிந்து செய்த பாவங்கள் என்ன? என்ன சோதனைகள் வந்தன, எப்படித் தப்பினீர்கள் என்று அடுத்தடுத்துக் கேள்விகள் போகும். கேட்கவே கூசுகிறது அல்லவா? ஆனால் குழுவில் சேர்வதற்கு முன்பு ஒருவரிடம் கேட்பது வேறு. அதில் முதலாவது, உங்களுக்குப் பாவமன்னிப்பு உண்டா என்பது. மன்னிப்பின் நிச்சயம் உள்ளே நுழையும் வாசல். அந்த வாசலைக் கடந்தவர்களிடம்தான் வாரந்தோறும் பாவத்தைக் கேட்டார்கள்.

எங்கள் சபையில் பாவத்தைப் பற்றிய கண்டிப்பு இருந்தது, மன்னிப்பின் நிச்சயம் இல்லை. தம்பியின் இப்போதைய சபையில் அந்த நிச்சயம் இருக்கிறது, அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஜூன் 12

"கிருபை உண்மையாக ஒருவனைத் தொட்டால் உடனே மாறிவிடுவான், மாறாதவன் இரட்சிக்கப்படவே இல்லை" என்று ஒருவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதியிருக்கிறார். மாலுமியாயிருந்து பிறகு போதகரான ஆங்கிலேயர் ஜான் நியூட்டனை நினைத்துக்கொள்ளுங்கள். 1748-ல் கடும் புயலில் சிக்கிய கப்பலில் தேவனை நோக்கிக் கதறினார். தன் மனமாற்றம் தொடங்கியது அங்கேதான் என்று பிற்பாடு எப்போதும் சொன்னார். அதற்குப் பிறகுதான் அவர் அடிமை வியாபாரக் கப்பல்களின் தலைவரானார். 1754 வரை அந்த வேலை. மேல்தளத்தில் ஞாயிறு ஆராதனை நடத்துவார், கீழ்த்தளத்தில் மனிதர்கள் விலங்கிட்டுக் கிடந்தார்கள். கடைசியில் கப்பலை விட்டதுகூட உடல்நலம் கெட்டதால்தான். கிருபையைப் பற்றி இன்று உலகம் முழுக்கப் பாடப்படும் "அமேசிங் கிரேஸ்" என்ற அந்தப் பாட்டு 1773 புத்தாண்டு ஆராதனைக்காக அவர் எழுதியது. அடிமை வியாபாரத்தை அம்பலப்படுத்தி, தான் அதில் பங்கெடுத்ததை வெட்கத்தோடு அறிக்கையிட்டு எழுதியது 1788-ல். கப்பலை விட்டு 34 ஆண்டுகள் கழித்து. இந்த அறிக்கை மிகவும் தாமதமாக வருகிறது என்று அவரே எழுதுகிறார்.

இதை அவருக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் கப்பல் கப்பலாக மனிதர்கள் விற்கப்பட்டார்கள், அவர்களுக்கு அவருடைய மெதுவான வளர்ச்சியால் என்ன ஆறுதல்? அவருடைய இரட்சிப்பு பொய் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. கடைசியில் அவர் கிருபையின் பெயரால் மறைக்காமல் வாயைத் திறந்தார், தன் பெயரைப் போட்டுத் திறந்தார். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்குத் துணை நின்றார். பிரிட்டன் அந்த வியாபாரத்தைச் சட்டப்படி நிறுத்திய 1807-ன் கடைசியில் இறந்தார்.

ஜூன் 13

கத்தோலிக்க வாசகர் ஒருவர், "நீங்கள் இப்போது கண்டுபிடிப்பதை எங்கள் ஒப்புரவு அருட்சாதனம் (குருவிடம் செய்யும் பாவ அறிக்கை) எப்போதோ சொல்லிவிட்டது, பாவப் பொறுத்தல் பெற்றவர் பரிகாரமும் செய்ய வேண்டும்" என்கிறார். நியாயமான பேச்சு. அருள், அதாவது நாம் சொல்லும் கிருபை, மனிதனை உள்ளுக்குள் புதுப்பிக்கிறது என்பதை 1547-ல் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்துச் சங்கம் அழுத்தமாகவே சொன்னது. புராட்டஸ்டண்டுகளான எங்கள் பக்கத்துப் பயம், பரிகாரமே மன்னிப்பின் விலையாகிவிடக் கூடாது என்பது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, நம் தகுதியினால் அல்லாமல் அருளினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், அதே ஆவியானவர் நம் இருதயத்தைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்கிறது. பின்னர் மெதடிஸ்டுகளும் இதில் சேர்ந்தார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் இந்த ஒரு இடத்தில் சண்டை போட அவசியமில்லை.

ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் இழந்துபோவானா என்ற கால்வினிய, ஆர்மீனிய வாக்குவாதத்தை இங்கே இழுக்க வேண்டாம். தனியாகப் பேசலாம்.

ஜூன் 15

தம்பி கேட்டது கூர்மையான கேள்வி: "சகேயு திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொன்ன பிறகுதானே இயேசு 'இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது' என்கிறார்? அப்படியானால் கொடுத்ததால் வந்ததா?"

5-ஆம் வசனத்துக்குப் போங்கள். மரத்தின் மேல் இருக்கிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும் என்கிறார். அவன் அப்போது ஒரு காசும் திருப்பித் தரவில்லை. ஊரார் பாவியின் வீட்டுக்குப் போய்விட்டாரே என்று முறுமுறுத்ததும் அதனால்தான். ஊர் முழுவதும் வெறுத்த ஒருவன் வீட்டுக்கு, ஊர் பார்க்க, அவர் போகிறார். அவனுடைய பேச்சு அதற்குப் பிறகு வருகிறது. யோவான் 8-ல் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடமும் அப்படித்தான். நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை என்பது முந்தி, இனிப் பாவஞ்செய்யாதே என்பது பிந்தி. இரண்டாவதை வெட்டிவிட்டு முதலாவதை மட்டும் வைத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

ஜூன் 16

பெயர் சொல்லாமல் ஒருவர் எழுதியிருக்கிறார்: ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன், இனி மன்னிப்புக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது, நான் இரட்சிக்கப்படவில்லையோ?

ஐயா, கல்லாகிப்போன மனசுக்கு இந்தக் கேள்வி வராது. நீங்கள் இன்னும் போராடுகிறீர்கள். நாம் பாவமில்லாதவர்கள் என்று சொன்னால் நம்மை நாமே வஞ்சிக்கிறோம் என்று 1 யோவான் 1:8 சொல்வது விசுவாசிகளுக்கு. அடுத்த வசனம், அறிக்கையிட்டால் மன்னிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவர் என்கிறது. எத்தனை தடவை என்ற எண்ணிக்கை அங்கே இல்லை. ஆனால் இதைத் தனியாகச் சுமக்காதீர்கள். உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்கிறார் யாக்கோபு. வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த, உங்களை இளக்காரமாகப் பார்க்காத ஒருவரிடம் சொல்லுங்கள். குடியோ போதையோ என்றால் மருத்துவரிடமும் போங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை. எனக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டவருக்கு ஜெபத்தோடு வைத்தியமும் கிடைத்திருந்தால் இன்று உயிரோடு இருந்திருக்கலாம்.

ஜூன் 18

முயற்சி என்ற சொல்லையே கிருபைக்கு விரோதி ஆக்கிவிட்டார்கள் சிலர். 1 கொரிந்தியர் 15:10. மற்ற அப்போஸ்தலர் எல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன், ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே என்கிறார் பவுல். பிலிப்பியர் 2-லும் பயத்தோடும் நடுக்கத்தோடும் பிரயாசப்படுங்கள் என்று சொன்ன மூச்சிலேயே, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். வேர்வை பவுலுடையதுதான். அதைத் தன் கணக்கில் எழுத மறுக்கிறார்.

ஜூன் 20

தம்பி கடைசியாகக் கேட்டது: "நான் ஒருவருக்குச் செய்தது ஒன்று இருக்கிறது. தேவனிடம் கேட்டுவிட்டேன். அந்த மனிதரிடமும் போகவேண்டும் என்று இந்த விவாதத்தை வாசித்த பிறகு தோன்றுகிறது. எப்படிப் போவது?"

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தனியாகப் போங்கள், ஊழியக்காரரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவரைச் சங்கடத்தில் வைக்காதீர்கள். செய்ததைச் செய்தபடி சொல்லுங்கள். "அப்போது என் நிலைமை" என்று ஆரம்பிக்க வேண்டாம். உங்கள் சாட்சியையும் அங்கே சொல்ல வேண்டாம், அது இன்னொரு நாளைக்கு. பணம் என்றால் எப்போது, எவ்வளவு தருவீர்கள் என்று தேதியோடு சொல்லுங்கள். அந்தத் தேதியில் கொடுங்கள்.

மன்னிப்பை உரிமையாகக் கேட்காதீர்கள். "கிறிஸ்தவர்தானே நீங்கள், மன்னிக்க வேண்டும்" என்று வாய் தவறியும் வரக்கூடாது. அவர் கோபப்பட்டால் உட்கார்ந்து கேளுங்கள். போகச் சொன்னால் எழுந்து வாருங்கள், தரவேண்டியதை அப்போதும் தந்துவிடுங்கள். அவர் மன்னிக்காவிட்டாலும் தேவன் உங்களை ஏற்றுக்கொண்டது மாறாது. அது தெரிந்திருப்பதால்தான் உங்களால் அங்கே வாதாடாமல் உட்கார்ந்திருக்க முடியும்.

அவருக்கு இதுவரை தெரியாத ஒன்று, சொன்னால் உங்கள் பாரம் இறங்கி அவர் நொறுங்கிப்போவார் என்றால், நேரே போகாதீர்கள். முதிர்ந்த ஒருவரிடம் முதலில் பேசுங்கள்.

இன்னொருவர், ஆள் இறந்துவிட்டாரே என்று கேட்டிருந்தார். எண்ணாகமம் 5:7, 8-ல் அதற்கும் வழி இருக்கிறது. முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி அவருக்குக் கொடுக்க வேண்டும், அவர் இல்லாவிட்டால் உறவின் முறையானுக்கு, அப்படி ஒருவனும் இல்லாவிட்டால் கர்த்தருக்கென்று ஆசாரியனிடத்தில். மனைவி பிள்ளைகளை விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் யாராவது இருப்பார்கள்.